11,000 லிட்டர் காற்றும் 2 லிட்டர் தண்ணீரும்

சிங்கப்பூரில் தமிழர் வீட்டுச் சமையலறைகள் பலவற்றில் ஒரே காட்சியைப் பார்க்கலாம். குழாயின் வாயில் ஒரு தண்ணீர் வடிகட்டி மாட்டியிருக்கும். விலை சில நூறு வெள்ளி, சில வீடுகளில் ஆயிரத்தையும் தாண்டும். அதிலிருந்து நாலடி தள்ளி அடுப்பு. எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, வரமிளகாய் கருகும் நேரத்தில் ஹாலில் உட்கார்ந்திருப்பவருக்கும் இருமல் வரும். ஜன்னல் சாத்தியிருக்கும், ஏனென்றால் உள்ளே ஏர்கான் ஓடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 7, 8 லிட்டர் காற்றை இழுத்து விடுகிறார். ஒரு நாளைக்கு அது ஏறத்தாழ 11,000 லிட்டர். எடை போட்டால் 13 கிலோ. குடிக்கும் தண்ணீரோ 2 லிட்டர், வெயிலில் அலைந்தால் 3. அந்தத் தண்ணீர் வாய்க்கு வருமுன் நீர்த்தேக்கம், வண்டல் தொட்டி, வடிகட்டி, கிருமிநீக்கம் என்று வரிசையாகப் பல கைகளைக் கடந்து வருகிறது. காற்றுக்கு அப்படி ஒரு ஆலை கிடையாது. மூக்கும் மூச்சுக்குழாயும்தான் அதற்குச் சுத்திகரிப்பு நிலையம். இந்த ஊரில் காசும் கவலையும் தண்ணீர் பக்கமே போவது, இடம் மாறிப்போன கவலை என்றுதான் சொல்வேன்.

முதலில் காற்று. ஜூன் முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் கரிச்சதுப்பு நிலம் எரிந்தால் புகைமூட்டம் இங்கே வருகிறது. சதுப்பு நிலத்து நெருப்பு காட்டுத்தீ மாதிரி ஓங்கி எரியாது. மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். அரைகுறையாக எரிவதால் புகை அதிகம், அதிலும் நுண்துகள் அதிகம். மேலே தண்ணீர் ஊற்றினாலும் அடியில் அணையாது. 1997, 2013, 2015 ஆகிய ஆண்டுகளை இங்கே யாரும் மறக்கவில்லை. 2013 ஜூன் 21 நண்பகலில் மூன்று மணி நேரக் காற்றுமாசுக் குறியீடு 401-ஐத் தொட்டது. 2015 செப்டம்பர் 25 அன்று தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளிகளை மூடினார்கள்.

அந்தக் குறியீட்டைத்தான், அதாவது பிஎஸ்ஐ எண்ணைத்தான், எல்லாரும் கைப்பேசியில் பார்க்கிறோம். பார்ப்பதில் ஒரு பெரிய பிழையும் செய்கிறோம்.

தேசிய சுற்றுப்புற வாரியம் வெளியிடும் 24 மணி நேர பிஎஸ்ஐ, பெயருக்கேற்ப, கடந்த 24 மணி நேரத்தின் கதை. ஆறு மாசுகளை அளக்கிறார்கள்: பிஎம் 10 (10 மைக்ரானுக்கு மேற்படாத துகள்; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிஎம் 2.5 (2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள்), கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு, ஓசோன், கார்பன் மோனாக்சைடு. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் எண் வரும். அவற்றைக் கூட்டுவதில்லை. எது பெரிதோ அதுவே அன்றைய பிஎஸ்ஐ. புகைமூட்ட நாளில் அது பெரும்பாலும் பிஎம் 2.5 ஆகத்தான் இருக்கும். 2014 ஏப்ரலில் இருந்துதான் பிஎம் 2.5 இந்தக் கணக்குக்குள் வந்தது என்பதால், அதற்கு முந்தைய ஆண்டுகளின் எண்ணை இன்றைய எண்ணோடு நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது.

பிழை எங்கே என்று ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். நேற்று மாலையிலிருந்து இன்று நண்பகல்வரை, 18 மணி நேரம், காற்று சுத்தம்: கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம் பிஎம் 2.5. நண்பகலில் காற்று திசை மாறிப் புகை வந்துவிட்டது. அடுத்த 6 மணி நேரமும் 120 மைக்ரோகிராம். சராசரி எடுத்தால் 41 சொச்சம். பிஎஸ்ஐ அட்டவணையில் 12 மைக்ரோகிராம் என்றால் 50, 55 மைக்ரோகிராம் என்றால் 100. ஆக 41-க்கு வரும் எண் 84. ‘மிதமான நிலை’ என்று திரை சொல்லும். மாலை ஆறு மணிக்கு அதை நம்பி ஓடக் கிளம்புகிறவரின் நுரையீரலுக்குள் போவது 120. மறுநாள் இதே கதை தலைகீழாக நடக்கும். மழை பெய்து வானம் வெளுத்திருக்கும், பிஎஸ்ஐ மட்டும் நூறைத் தாண்டி நிற்கும். பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்திருப்போம்.

அதனால், ‘இப்போது வெளியே போகலாமா’ என்ற கேள்விக்கு 1 மணி நேர பிஎம் 2.5 எண்ணைப் பாருங்கள். அதே இணையப் பக்கத்தில், அதே ஐந்து வட்டாரங்களுக்கும் இருக்கிறது. 55 வரை வழக்கமான நிலை, 56 முதல் 150 வரை உயர்ந்த நிலை, 151 முதல் 250 வரை அதிகம், அதற்கு மேல் மிக அதிகம். ‘நாளைக்குப் பள்ளிச் சுற்றுலா போகலாமா’ என்பதற்கு 24 மணி நேர பிஎஸ்ஐ முன்னுரைப்பு. இரண்டும் இரண்டு கேள்விகளுக்கான பதில்கள்.

இன்னொன்றும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் மாற்றியமைத்த வழிகாட்டு அளவுப்படி, 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. பிஎஸ்ஐ கணக்கில் அது வெறும் 53. அதாவது 53-க்கும் 100-க்கும் நடுவில் உள்ள ‘மிதமான’ நாள் எல்லாமே அந்த அளவுகோலில் தேறாத நாள். ஆண்டுச் சராசரிக்கு அவர்கள் வைத்திருக்கும் எல்லை 5. புகைமூட்டமே வராத ஆண்டிலும் சிங்கப்பூரின் சராசரி அதைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. வாகனம், துறைமுகம், மின் நிலையம், எண்ணெய் ஆலை எல்லாம் ஒரு சின்னத் தீவுக்குள் இருந்தால் வேறென்ன ஆகும்? பீதியடையச் சொல்லவில்லை. தில்லியின் குளிர்காலத்தோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம்தான். ஆனால் ‘பிஎஸ்ஐ 70தானே’ என்று ஆஸ்துமா உள்ள பிள்ளையின் பெற்றோர் அசட்டையாக இருக்கக் கூடாது.

இந்தத் துகள் உடம்புக்குள் என்ன செய்கிறது? தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரான். பிஎம் 2.5 அதில் இருபதில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். பெரிய தூசி மூக்கு முடியிலும் சளியிலும் ஒட்டிக்கொள்ளும். அதைவிடச் சிறியது மூச்சுக்குழாய்வரை போகும். அங்கே மெல்லிய மயிரிழைகள் அலையலையாக அசைந்து சளியோடு அதை மேலே தள்ளிவிடும், நாம் செருமித் துப்புவோம் அல்லது விழுங்கிவிடுவோம். பிஎம் 2.5 அதையும் தாண்டிக் காற்றுப்பைகளுக்குள் இறங்கிவிடுகிறது. அங்கே மயிரிழை கிடையாது. காற்றுப்பைகள் எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் 70 சதுர மீட்டர் அளவு வரும், ஒரு மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தரையைவிடச் சற்றுப் பெரிது. அந்தப் பரப்பில் விழும் குப்பையை வெள்ளணுக்களின் ஒரு வகை விழுங்கி ஒழிக்கப் பார்க்கும். ஒழிக்க முடியாத கரித்துகளை விழுங்கிய அணு, உதவி கேட்டு இரசாயனக் குரல் எழுப்பும். அதுதான் அழற்சி. அழற்சி நுரையீரலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து, இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டி, இரத்தக்குழாய்ச் சுவரை இறுக்குகிறது.

புகை என்றால் இருமல், கண் எரிச்சல் என்று நினைக்கிறோம். காற்று மாசால் நேரும் மரணங்களில் பெரும்பங்கு மாரடைப்பும் பக்கவாதமும்தான். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த தாத்தாவை, ‘அவருக்கு ஆஸ்துமா இல்லையே’ என்று புகைமூட்டத்தில் நடைப்பயிற்சிக்கு அனுப்புவது அதனால்தான் தவறு. வெளிக்காற்று மாசைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் ஒன்றாக 2013-இல் பட்டியலிட்டுவிட்டார்கள், புகையிலை இருக்கும் அதே பட்டியல்.

கந்தக டைஆக்சைடு வேறு மாதிரி. அது தண்ணீரில் எளிதில் கரையும் என்பதால் மூக்கு, தொண்டையின் ஈரத்திலேயே கரைந்து மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். ஆஸ்துமா உள்ளவருக்குச் சில நிமிடங்களிலேயே மூச்சிரைப்பு வரலாம். ஓசோன் வெயிலில் உருவாகிறது. பிற்பகலில் கூடும், காலையில் குறையும். ஓட விரும்புகிறவர்கள் காலையில் ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

என்95 முகக்கவசம் 0.3 மைக்ரான் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கும். ஏன் 0.3? அதைவிடப் பெரியது இழையில் மோதி நின்றுவிடும். அதைவிடச் சிறியது காற்று மூலக்கூறுகள் தள்ளித் தள்ளி அங்குமிங்கும் தடுமாறி இழையில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் இருக்கும் 0.3-தான் நழுவிப் போகிற கள்ளன், ஆகவே சோதனையும் அதைக்கொண்டே. ஆனால் கவசத்துக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி இருந்தால் இந்த 95 எல்லாம் பேச்சோடு சரி. காற்று எப்போதும் எளிதான வழியில்தான் போகும். மேல்பட்டை உச்சந்தலைக்குப் பின்னால், கீழ்ப்பட்டை காதுக்குக் கீழே பிடரியில். மூக்கின் மேலுள்ள உலோகப் பட்டையை இரு கை விரல்களாலும் அழுத்தி வளைக்க வேண்டும். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூராக மடிந்து இருபுறமும் இடைவெளி விழும். பிறகு இரு உள்ளங்கைகளாலும் கவசத்தை மூடி வேகமாக மூச்சை விடுங்கள். கண் பக்கம் காற்று அடித்தால் மூக்குப் பட்டை சரியில்லை, கன்னத்தில் அடித்தால் பட்டைகளை மாற்றிப் போடுங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவருக்குக் கண்ணாடியில் ஆவி படிவதே அறிகுறி. தாடி இருந்தால் பொருந்தாது, சபரிமலைக்கு மாலை போட்டிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நனைந்தாலோ, உருக்குலைந்தாலோ, மூச்சு இழுக்கக் கஷ்டமானாலோ மாற்றிவிட வேண்டும். இதய, நுரையீரல் நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டு அணிவது நல்லது, மூச்சிழுக்கக் கூடுதல் உழைப்பு வேண்டியிருக்கும். அறுவைசிகிச்சைக் கவசம் எச்சில் தெறிப்பதற்கானது. புகைக்கு அது போதாது.

வீட்டுக்குள் வருவோம். ஜன்னலைச் சாத்தி ஏர்கான் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. வீவக வீடுகளில் இருக்கும் பிரிந்த வகை ஏர்கான் வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை. அது நல்லது. ஆனால் அதன் வலை வடிகட்டி பெருந்தூசிக்கு மட்டும்தான், பிஎம் 2.5 அதில் தாராளமாகப் புகுந்து போகும். புகை ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டால் ஏர்கான் அதையே குளிரவைத்துச் சுற்றிச் சுற்றித் தரும்.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதாக இருந்தால் பெட்டியில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி. இன்னொன்று சிஏடிஆர், அதாவது மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தருகிறது என்ற எண். அறையின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்குங்கள். 3.5 மீட்டருக்கு 3 மீட்டர் படுக்கையறை, உயரம் 2.6 என்றால் 27 கன மீட்டர். அதைக் குறைந்தது மூன்றால், புகை கடுமையாக இருந்தால் ஐந்தால் பெருக்குங்கள். 82 முதல் 137 வரை வரும். அந்த எண் உள்ள இயந்திரம் அந்த அறைக்குப் போதும். அதையே 78 கன மீட்டர் ஹாலில் வைத்துவிட்டு, சமையலறை வாசலையும் திறந்து வைத்து, ‘வாங்கியும் பயனில்லை’ என்று புலம்புவதில் அர்த்தமில்லை. நாலு அறைக்கும் நடுவில் ஒன்றை வைப்பதைவிட, ஒரே அறையைச் சுத்த அறையாக வைத்துக்கொண்டு குழந்தையும் பெரியவர்களும் அங்கே படுப்பது மேல். சிஏடிஆர் எண் முழு வேகத்தில் அளந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். இரவு சத்தம் வருகிறதென்று மிகக் குறைந்த வேகத்தில் விட்டால் கிடைப்பது அதில் ஒரு சிறு பங்குதான். சோபாவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி வைத்தாலும் அப்படியே. அயனி வெளியிடும் வகைகள் சிலவற்றில் ஓசோன் வரும், வேண்டாம்.

சாத்திய அறைக்கு ஒரு விலை உண்டு. இருவர் படுத்த படுக்கையறையில் விடிவதற்குள் கார்பன் டைஆக்சைடு 2,000 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 2,000 பங்கு) தாண்டுவது சாதாரணம், வெளியே அது 420-தான். தலை கனக்கும், தூக்கம் கலங்கும். காலையில் 1 மணி நேர எண் இறங்கியதும் எதிரெதிர் ஜன்னல்களைக் கால்மணி நேரம் திறந்து விடுங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பெருக்கினால் படிந்தது எழும்.

புகைமூட்டம் சுமத்ராவிலிருந்துதான் வரவேண்டும் என்று இல்லை. நம் வீட்டிலேயே தயாராகிறது. ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம், கொசுவர்த்திச் சுருள், வடை சுட்ட எண்ணெய். ஒரே ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகளை வெளியிடுகிறது என்று 2003-இல் வெளிவந்த ஆய்வொன்று அளந்து சொன்னது. டெங்கிக்குப் பயந்து அதைக் கொளுத்தி, ஜன்னலைச் சாத்தி, தொட்டிலுக்கு அடியில் வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. டெங்கிக் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது. தேங்கிய நீரைக் கொட்டுவதும் மின்விசிறியும் கொசுவலையும் அதைவிட உருப்படியான வேலை.

சாம்பிராணியைப் பற்றிச் சொன்னால் பாட்டிமார் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. குளிப்பாட்டிய பச்சிளங்குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டித் தலை உலர்த்துவது, ஓட்டு வீட்டில், முற்றத்தில், காற்று ஓடும் இடத்தில் வந்த பழக்கம். பத்தாவது மாடியில் சாத்திய படுக்கையறையில் அதே கரித்துண்டு கனன்றால் புகையோடு கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு உட்கார்ந்துகொள்ளும். குழந்தையின் மூச்சுக்குழாயின் விட்டமோ சில மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் வீங்கினாலும் பாதிக்கும் மேல் வழி அடைபட்டுவிடும். தலையைத் துணியால் துவட்டினால் உலர்ந்துவிடும். பூசைக்குச் சாம்பிராணி வேண்டுமென்றால் குழந்தை இல்லாத அறையில், ஜன்னல் திறந்திருக்கும்போது, கரி முழுக்க அணையும்வரை திறந்தே இருக்கட்டும்.

அடுப்புக்கு மேலே புகைபோக்கி இருக்கிறதே என்றால், அது புகையை எங்கே போக்குகிறது என்று பாருங்கள். குழாய் வழியாக வெளியே போகிறதா, அல்லது கரி வடிகட்டியில் இழுத்துத் திரும்ப உங்கள் முகத்துக்கே விடுகிறதா? இரண்டாவது வகை எண்ணெய்ப் பிசுக்கையும் வாடையையும் ஓரளவு பிடிக்கும். எரிவாயுச் சுடரில் உண்டாகும் நைட்ரஜன் டைஆக்சைடைப் பிடிக்காது. புகைமூட்ட வாரத்தில் இட்லி, ஆப்பம், குழம்பு என்று அவித்தும் வேகவைத்தும் சாப்பிடலாம். பொரியலும் அப்பளமும் பத்து நாள் காத்திருக்கும்.

இனி தண்ணீர். இங்கேயுள்ள 17 நீர்த்தேக்கங்கள், ஜோகூர் ஆறு, 2003-இல் தொடங்கிய நியூவாட்டர் (சுத்திகரித்த கழிவுநீர்), 2005-இல் தொடங்கிய கடல்நீர்ச் சுத்திகரிப்பு என நான்கு வழிகளில் வருகிறது. குழாயிலிருந்து நேரே குடிக்கலாம். கொதிக்க வைக்கவும் தேவையில்லை. லேசாக ஒரு மருந்து வாடை வந்தால் அது குளோரமின், குழாய்ப் பயணத்தில் கிருமி வளராமல் இருக்கச் சேர்ப்பது. குளோரினைப் போல வாளியில் ஒரு இரவு வைத்தால் அது எளிதில் பறந்துவிடாது. மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடம் மீன்கள் செத்துத் தெரிந்திருக்கும். மனிதரின் வயிற்றில் அது சேதம் செய்யாது, மீனுக்குத்தான் செவுள் வழியாக நேரே இரத்தத்தில் போகிறது.

வடிகட்டி விற்பவர்கள் காட்டும் ஒரு வித்தையை மட்டும் உடைத்துக் காட்ட வேண்டும். இரண்டு கண்ணாடிக் குவளை. ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர்கள் இயந்திரத் தண்ணீர். நாலு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மின்கருவியை இரண்டிலும் நிறுத்தி மின்சாரம் விடுவார்கள். ஒரு நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் சாக்கடை மாதிரிப் பழுப்பாகிவிடும், மற்றது தெளிவாகவே இருக்கும். பார்ப்பவர் அதிர்ந்துபோவார். நடப்பது என்னவென்றால், கம்பிகளில் ஒன்று இரும்பு. குழாய்த் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் போன்ற இயல்பான உப்புகள் இருப்பதால் மின்சாரம் பாய்கிறது. பாய்ந்ததும் அந்த இரும்புக் கம்பி கரைந்து துருவாகிறது. பழுப்பு நிறம் கம்பியிலிருந்து வந்தது, தண்ணீரிலிருந்து வரவில்லை. அவர்கள் இயந்திரம் தருவது ஆர்ஓ தண்ணீர், அதாவது நுண்சவ்வில் உப்பையும் வடித்தெடுத்த தண்ணீர். அதில் உப்பு இல்லை, மின்சாரம் பாயவில்லை, கம்பி கரையவில்லை. அந்தக் குவளையில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

வடிகட்டி வைத்துத்தான் தீருவேன் என்றால் உள்ளுறையைச் சொன்ன தேதியில் மாற்றுங்கள். கரி வடிகட்டி குளோரமினை எடுத்துவிடுகிறது. பாதுகாப்பு இல்லாத ஈரக்கரியில் கிருமி குடித்தனம் நடத்தும். மாற்றாத வடிகட்டியைவிட வெறுங்குழாய் மேல். ஒரு மாதம் ஊருக்குப் போய்த் திரும்பினால் குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள், அந்தத் தண்ணீரில் தரையைத் துடைக்கலாம். குழாய் நுனியிலுள்ள சல்லடையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, வினிகரில் அரைமணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து மாட்டுங்கள். சுடுநீர்க் குழாயிலிருந்து சமையலுக்குப் பிடிக்க வேண்டாம். தொட்டி வகை சுடுநீர்க் கலனில் வெப்பத்தை 60 பாகைக்குக் கீழே வைத்தால் லெஜியனெல்லா என்ற கிருமி வளர இடம் கிடைக்கும். அதைக் குடிப்பதால் வருவதைவிட, குளிக்கும்போது நீர்த்துளியோடு மூச்சில் இழுப்பதால்தான் நிமோனியா வருகிறது. இங்கேயும் வாசல் மூக்குதான்.

தண்ணீரும் காற்றும் தனித்தனி என்பது பாடப்புத்தகத்தில்தான். 2019 மார்ச்சில் ஜோகூரின் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் இரவோடு இரவாக இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் ஆற்றுநீரைக் குடித்தவர்கள் இல்லை. ஆவியாகிக் காற்றில் வந்ததை வகுப்பறையில் உட்கார்ந்து சுவாசித்த பிள்ளைகள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன. நீரிணைக்கு இந்தப் பக்கம் நாம் இருக்கிறோம். 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங்கில் தூர்வாரும் கப்பல் மோதி ஏறத்தாழ 400 டன் எரிபொருள் கடலில் கொட்டியபோதும், செந்தோசா, ஈஸ்ட் கோஸ்ட் கரைகளில் முதலில் வந்தது வாடைதான். அந்த மாதிரி எண்ணெய் தோலில் ஒட்டினால் பெட்ரோலையோ தின்னரையோ தேடாதீர்கள். சமையல் எண்ணெயைத் தடவிக் கரைத்து, பிறகு சோப்பு.

ஜோகூர் ஆற்றுக்கு வேறொரு நோய். மேலே உள்ள தோட்டங்கள், ஆலைகளின் கழிவால் அம்மோனியா ஏறிவிட்டால் ஆற்றுநீர் ஆலையை நிறுத்த வேண்டியிருக்கும், பலமுறை நிறுத்தியும் இருக்கிறார்கள். ஒரு பங்கு அம்மோனியாவைத் தீர்க்க எட்டு முதல் பத்துப் பங்கு குளோரின் செலவாகும். கிருமியைக் கொல்ல வைத்த மருந்தை அம்மோனியாவே தின்றுவிட்டால் கிருமிக்கு மிச்சம் இருக்காது. 1962 ஒப்பந்தப்படி 2061 வரை நாளொன்றுக்கு 25 கோடி கேலன் எடுக்க உரிமை உண்டு. ஆனால் அழுக்கு ஆற்றில் உரிமை இருந்து என்ன?

நம் பங்கும் இதில் உண்டு. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் மழைநீர்ப் பிடிப்புப் பகுதி. புளோக்கைச் சுற்றி ஓடும் திறந்த கால்வாய் கழிவுநீர்க் குழாயோடு சேராது, நீர்த்தேக்கத்தில் போய்ச் சேரும். பெயின்ட் தூரிகையைக் கழுவிய தண்ணீரையோ, பழைய எண்ணெயையோ அதில் ஊற்றினால் அது நாளைய குடிநீருக்குள் போகிறது. கழிவறையில் ஊற்றினால் கழிவுநீர் ஆலைக்குப் போகும். எண்ணெயை அதிலும் ஊற்றக்கூடாது, குழாய் அடைக்கும். பழைய செய்தித்தாளில் உறிஞ்சவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

கடைசியாக ஊர். டிசம்பர் விடுமுறைக்குக் குழந்தைகளோடு தமிழ்நாட்டுக்குப் போகும்போது கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கும் வாய்க்கும் நடுவில் ஆலை கிடையாது. ‘கொதிக்க வைத்துத்தான் தருகிறோம்’ என்பார் அத்தை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உண்மை. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடு சாகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அது செறிவாகும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் எல்லை. அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் பழுப்புக் கோடு, பிறகு எலும்பு விறைப்பு. ஹொகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். நைட்ரேட்டுக்கும் இதே கதை, உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை லிட்டருக்கு 50 மில்லிகிராம். அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்கக் கூடாது, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கும். இங்கே தேவையில்லாத ஆர்ஓ இயந்திரம் அங்கேதான் தேவை. இங்கே வாங்கிய காசை அத்தை வீட்டில் போடலாம்.

வாங்குமுன் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் மாவட்டந்தோறும் கட்டணத்துக்குச் சோதித்துத் தருகின்றன. மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் மூன்று முறை அலசிய பிளாஸ்டிக் புட்டியில் 2 லிட்டர் பிடியுங்கள். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும், அதனால் கண்ணாடிப் புட்டி வேண்டாம். கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே தரும் கிருமிநீக்கிய புட்டி, அதை அலசக் கூடாது. ஐஸ் வைத்த பெட்டியில் அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும். புட்டியின் மேல் கிணற்றின் ஆழம், பிடித்த நாள், நேரம் எழுதுங்கள். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை சோதித்தால் இரண்டு தாளிலும் எண்கள் வேறாக இருக்கும்.